கடன் கேட்டால் ‘சிபில் இல்லை’ என்கிறார்களா?

ஆம்பூர் ஷூ கம்பெனியில் பல வருட வேலை. பி.எஃப். பிடிக்கிறார்கள். ஏலச்சீட்டு ஒரு மாதமும் தவறியதில்லை. பிறகு ஏன் கடன் கிடைக்கவில்லை?

சிபில் ஸ்கோர் (300 முதல் 900 வரை, கடனைக் கட்டிய விதத்துக்கான மதிப்பெண்) போடுவது ஓர் அல்காரிதம் (கணினி பின்பற்றும் கணக்குமுறை). கடன் கொடுத்தவர்கள் அனுப்பும் பதிவுகளைத்தான் அது பார்க்கும். ஊர்ச் சீட்டு அதில் ஏறாது. குழுக் கடனில் பக்கத்து வீட்டு அக்காவுக்காக நீங்கள் கட்டிய தவணையும் உங்கள் கணக்கில் சேராது. ஏற்றுமதி ஆர்டர் குறைந்து, ஓவர்டைம் நின்று, ஒரு தவணை தள்ளிப்போனால் தாமதம் மட்டும் பதிவாகும், காரணம் பதிவாகாது.

கணினி ஆள் பார்த்துப் பேசாதல்லவா என்பீர்கள். பொருளாதார அறிஞர் செந்தில் முல்லைநாதனும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். அமெரிக்க மருத்துவமனைகளில் யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று சொல்லும் அல்காரிதம், நோயின் கடுமையை அளக்காமல் மருத்துவச் செலவை அளந்தது. அதே அளவு நோய் இருந்தும் கறுப்பின மக்களுக்குச் செலவிடப்பட்டது குறைவு. அதனால் அவர்கள் பின்னுக்குப் போனார்கள். திருத்தினால் கூடுதல் உதவி பெறுவோரில் அவர்கள் பங்கு 17.7%இலிருந்து 46.5% ஆகும் என்று தெரிந்தது. இத்தனைக்கும், இனம் என்ற விவரமே அந்தக் கணக்கில் இல்லை. எதை அளக்கிறது என்பதிலேயே பாரபட்சம் நுழையலாம்; சிபிலும் பதிவானதை மட்டும்தான் அளக்கிறது.

சரி, நான் என்ன செய்யலாம்?

முதலில் அறிக்கையை வாங்குங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அடைத்த குழுக் கடன் பாக்கியாக நிற்கிறதா, நீங்கள் வாங்காத கடன் ஏறியிருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள்.

தவறு இருந்தால் அங்கேயே புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. புகார் எண்ணைப் பத்திரமாக வையுங்கள்.

இதுவரை கடனே வாங்கியதில்லையா? பழைய கடன் பதிவு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை கேட்பவரைத் தள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. குறைந்தபட்ச ஸ்கோர் எதையும் அது நிர்ணயிக்கவில்லை. இதைக் கவுன்ட்டரில் தயங்காமல் சொல்லுங்கள். வங்கி மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

புகார் தீராவிட்டாலோ, காரணத்தை எழுத்தில் தராவிட்டாலோ ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. எப்படி மனு செய்வது என்று 14448இல் தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம்.