பார்மட்டுக்கு முன் படிக்க வேண்டிய நீலத்திரை

திருப்பதி பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடைகளில் தரிசன டிக்கெட்டுகளை அச்சிட்டுக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். சித்தூர்ப் பக்கம் தோதாபுரி மாங்காய்ப் பருவத்தில், கூழ் ஆலைகளில் எடைச்சீட்டு போடும் கணினி ஒரு மணி நேரம் படுத்தாலும் லோடு வண்டிகள் சாலை வரை நின்றுவிடும். இத்தகைய இடங்களில் உழைக்கும் கணினிகள் பல வருடம் ஓடியவை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. அதனால் விண்டோஸ் 11-க்கு மாற்றிய மறுநாளே கணினி பாதி வேலையில் நின்று, திரை முழுக்க நீலமாகி, தானே ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் சர்வீஸ் கடையில் முதலில் காதில் விழுவது: “பார்மட் பண்ணிடலாமா சார்?”

வேண்டாம் என்று சொல்லுங்கள். நோய் என்னவென்று பார்க்கும் முன்பே தடயத்தை அழிக்கிற வேலை அது.

நீலத்திரை வருவது கணினியின் கோளாறல்ல, தற்காப்பு. இயங்குதளத்தின் நடுவே ‘கெர்னல்’ என்றொரு பகுதி உண்டு. நினைவகம், வட்டு, பிராசஸர் எல்லாவற்றுக்கும் அதுதான் பொறுப்பு. பிரிண்டர், கிராபிக்ஸ் கார்டு, வைஃபை போன்ற சாதனங்களை இயங்குதளத்தோடு பேசவைக்கும் ‘டிரைவர்’ நிரல்களில் பலவும் கெர்னலின் அதே அதிகாரத்தோடு ஓடுகின்றன. சாதாரணச் செயலி தப்பு செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். டிரைவர் தனக்கு உரிமையில்லாத நினைவக இடத்தைத் தொட்டால், மேற்கொண்டு ஓடினால் உங்கள் கணக்குக் கோப்பே கெட்டுவிடலாம் என்று கெர்னல் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது. ஷார்ட் ஆனதும் மெயின் போர்டில் டிரிப் ஆகும் சுவிட்சைப் போன்றதுதான் இது. விண்டோஸ் 11-இன் புதிய பதிப்பில் அந்தத் திரை கறுப்பாகிவிட்டது; செய்தி அதேதான்.

2021 மார்ச்சில் வந்த ஒரு விண்டோஸ் 10 அப்டேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கியோசெரா, ரிக்கோ, ஜீப்ரா பிரிண்டர்கள் சிலவற்றுக்கு அச்சிடக் கட்டளை கொடுத்ததுமே நீலத்திரை வந்தது. பிரிண்டரில் பழுதில்லை, கணினியிலும் பழுதில்லை. அப்டேட்டும் பிரிண்டர் டிரைவரும் ஒத்துப்போகவில்லை. ஒரு வாரத்துக்குள் மைக்ரோசாஃப்ட் தனித் திருத்தம் வெளியிட்டது. அந்த வாரத்தில் பார்மட் செய்தவர்கள் அதே அப்டேட்டைத் திரும்ப ஏற்றி, அதே திரையைத் திரும்பப் பார்த்திருப்பார்கள்.

2024 ஜூலை 19 அன்று நடந்தது இன்னும் பெரிது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் கெர்னல் அளவில் ஓடுவது. அதற்கு வந்த சிறிய தரவுக் கோப்பில் இருந்த பிழையால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்தன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பல கணினிகளை மீட்ட வழி எளியது: ‘சேஃப் மோட்’டில் துவக்கி அந்த ஒரு கோப்பை அழிப்பது.

சேஃப் மோடில் விண்டோஸ் மிக அடிப்படையான டிரைவர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு எழும். நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். அங்கே மணிக்கணக்கில் நிற்காமல் ஓடுகிறதா? சந்தேகம் டிரைவர் மீதோ, ஆன்டிவைரஸ் மீதோ திரும்ப வேண்டும். அங்கேயும் விழுகிறதா? வன்பொருளைப் பாருங்கள்.

நீலத்திரையின் அடியில் வரும் ‘ஸ்டாப் கோடு’ வரியைக் கைப்பேசியில் படம் எடுத்துவையுங்கள். தேடலில் ‘ரிலையபிலிட்டி ஹிஸ்டரி’ என்று தட்டினால் எந்தத் தேதியில் எது ஏறியது, எது விழுந்தது என்ற நாட்காட்டி வரும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘மினிடம்ப்’ என்ற இடத்தில், கணினி நீலத்திரையில் விழும் ஒவ்வொரு முறைக்கும் பெரும்பாலும் ஒரு சிறு கோப்பு சேர்ந்திருக்கும். எந்த டிரைவர் மாட்டியது என்று அதை வைத்துத் தேர்ந்தவர் சொல்லிவிடலாம். பார்மட் செய்தால் இவை அத்தனையும் போயிற்று.

திரையே வராமல் சட்டென அணைந்தால் கதை வேறு. ‘ஈவன்ட் வியூவர்’ பட்டியலில் ‘கெர்னல்-பவர் 41’ என்ற பதிவு இருக்கும். முறையாக மூடாமல் நின்றது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. அப்போது எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்குள் மின்சாரம் தரும் பெட்டி), யு.பி.எஸ்., சூடு என்று தேட வேண்டும். பக்கத்திலேயே கரகம்பாடியில் அமர ராஜா பேட்டரி தயாரிக்கிறது, ஆனாலும் யு.பி.எஸ். பேட்டரியை வருடக்கணக்கில் மாற்றாத கடைகள் உண்டு. திருப்பதி வெயில் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும். தூசி அடைத்த ஃபேனோடு இத்தனை நாள் சமாளித்த கணினி, அப்கிரேடின்போது வட்டும் பிராசஸரும் இடைவிடாமல் உழைக்கும்போதுதான் தன் பலவீனத்தைக் காட்டும். நினைவகச் சில்லைச் சோதிக்க விண்டோஸிலேயே ‘மெமரி டயக்னாஸ்டிக்’ இருக்கிறது, இரவில் ஓடவிடலாம்.

டிரைவரைக் கணினி அல்லது சாதனம் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு நாள் ஓடவிட்டுப் பாருங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

ஒன்றும் பலிக்காவிட்டால், அப்கிரேட் செய்த 10 நாட்களுக்குள் செட்டிங்ஸின் ‘ரெக்கவரி’ பகுதியில் ‘கோ பேக்’ கொடுத்துப் பழைய விண்டோஸுக்கே திரும்பலாம். பழையது ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற ஃபோல்டரில் காத்திருக்கும். இடம் காலி செய்கிறேன் என்று யாராவது அதை அழிக்கப் போனால், அந்தப் பத்து நாள் முடியும்வரை தடுத்துவிடுங்கள்.