பூனையின் உடலில் ஒரு கட்டி

முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் நின்று பிறருடைய பிழைகளைத் திருத்தியவன் நான். இன்று என் பிழை ஒன்றைப் பாடமாக எடுத்துக்கொள்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள் இருந்தன. ஒருநாள் காலையில் கடுவன் பூனையின் கன்னத்தில் எலுமிச்சங்காய் அளவு வீக்கம் கண்டோம். இரண்டு நாளுக்கு முன் அது இல்லை. தொட்டால் சுட்டது, பூனை சீறிற்று. வீடே பதறிற்று. கூடையில் வைத்து மருத்துவரிடம் ஓடினேன். அவர் சிரித்தார். பூனைகள் சண்டையிடுகையில் ஊசி போன்ற பல் தோலைத் துளைத்து, வாயிலுள்ள கிருமிகளை உள்ளே செலுத்திவிடுகிறது. மேல்தோலோ விரைவில் மூடிக்கொள்கிறது. உள்ளே சீழ் கோக்கிறது. கீறிச் சீழை வடித்து மருந்து கொடுத்தார். பத்து நாளில் ஆறிவிட்டது.

அதே மாதத்தில், பெட்டைப் பூனையைத் தடவிக்கொண்டிருந்தபோது முலைக்காம்பின் அருகே மிளகளவு முடிச்சு ஒன்று விரலில் தட்டுப்பட்டது. அதற்கு வலியில்லை, வழக்கம்போல் உண்டது, உறங்கிற்று. "பெரிதானால் பார்த்துக்கொள்வோம்" என்றேன். பெரிதாயிற்று. நான்கு திங்கள் கழித்து நான் கொண்டு சென்றபோது, நோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டதை எக்ஸ்ரே படம் காட்டிற்று.

பயமுறுத்திய வீக்கம் எளிதில் ஆறியது. பயமுறுத்தாத முடிச்சு உயிரைக் கொண்டுபோயிற்று. இதற்குக் காரணம் உண்டு. பூனையின் பால்சுரப்பியில் தோன்றும் கட்டிகளில் நூற்றுக்கு 80க்கு மேற்பட்டவை புற்றுநோயே. 2 சென்டிமீட்டருக்கு உட்பட்டிருக்கும்போதே அறுத்தெடுத்தால் பூனை நெடுநாள் வாழக்கூடும். 3 சென்டிமீட்டரைக் கடந்தபின் அந்த நம்பிக்கை மிகக் குறைந்துவிடுகிறது. ஆறு மாதத்திற்குள் கருத்தடை அறுவை செய்யப்பட்ட பெட்டைகளுக்கு இந்நோய் மிக அரிது. நான் அதையும் செய்யவில்லை.

கட்டி நல்லதா தீயதா என்று விரலால் தொட்டு அறிய மருத்துவராலும் இயலாது. மெல்லிய ஊசியால் அதிலிருந்து சில உயிரணுக்களை உறிஞ்சி எடுத்து, நுண்ணோக்கியில் பார்க்கிறார். சில வேளை சிறு துண்டு வெட்டியும் ஆராய்வார். தடுப்பூசி போட்ட இடத்தில் சிறு தடிப்பு எழுந்து தானே மறைவதுண்டு. அது மூன்று மாதம் கழிந்தும் நின்றாலோ, 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்டாலோ, ஊசி போட்டு ஒரு மாதத்திற்குப் பின்னும் வளர்ந்தாலோ காட்டியே ஆகவேண்டும்.

பூனை உணவை மறுத்தாலும், மூச்சுத் திணறினாலும், கட்டி உடைந்து குருதியோ சீழோ வடிந்தாலும் அன்றே செல்லுங்கள். மற்றக் கட்டிகளை அந்த வாரத்திற்குள் காட்டுங்கள். கட்டியைப் பிதுக்காதீர்கள். வலிக்கென்று நம் வீட்டுப் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். அதைச் சிதைக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குப் போதாது. ஒரே மாத்திரை உயிரைப் போக்கிவிடலாம். கால்நடை மருத்துவமனை மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டுமே என்று எண்ணுவோர் பலர். பூனைக்கும் அங்கே மருத்துவம் உண்டு.

கடுவனுக்கும் முலைக்காம்புகள் உண்டென்பதை அறியாமல், அவற்றைக் கட்டியென்று அஞ்சுவோரும் இருக்கிறார்கள். அஞ்சி வந்தவரை எந்த மருத்துவரும் கடிந்துகொள்வதில்லை.

இப்போது வீட்டிலிருப்பது என் பேத்தியின் பூனை. ஞாயிறுதோறும் அதன் தாடை முதல் வால்வரை இருவரும் தடவிப் பார்க்கிறோம். எது தட்டுப்பட்டாலும் இடம், அளவு, தேதி மூன்றையும் அவள் குறிப்பேட்டில் எழுதுகிறாள். அளவுகோலைப் பிடிப்பது என் வேலை.