கீமோவுக்குப் பின் காய்ச்சலா? காலை வரை ஏன் காத்திருக்கக் கூடாது

அம்மாவுக்குக் கீமோ போட்டு பத்து நாள் ஆகிறது. ராத்திரி 11 மணிக்கு உடம்பு சுடுகிறது. தெர்மாமீட்டரில் 101 டிகிரி. "ஒரு பாராசிட்டமால் போடும்மா, காலைல பார்த்துக்கலாம்" என்று சொல்லத்தான் நமக்குத் தோன்றும். ஆனால் கீமோவில் இருப்பவருக்கு அந்தச் சில மணி நேரம் உயிருக்கே ஆபத்தாகலாம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

கீமோ மருந்து, வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும். அதில் எலும்பு மஜ்ஜையும் குடலின் உள்சுவரும் சேர்ந்தே அடி வாங்கும். பாக்டீரியாவை முதலில் எதிர்க்கும் வெள்ளை அணு நியூட்ரோஃபில். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் வழக்கமாக 1,500-க்கு மேல் இருக்கும் இது, 500-க்கும் கீழே போகலாம். பல மருந்துகளில் 7 முதல் 14 நாளுக்குள் இப்படிக் குறையும். அப்போது, குடலிலேயே இருக்கும் ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியா ரத்தத்துக்குள் நுழையும். மருந்து ஏற்றப் பொருத்திய குழாய் வழியாகவும் கிருமி வரலாம்.

வேறு அறிகுறி இருக்காதா?

பல நேரம் இருக்காது. சீழ் என்பதே பெரும்பாலும் செத்த நியூட்ரோஃபில்தான். அது குறைந்தால் சீழும் வீக்கமும் சரியாகத் தெரியாது. மிச்சமிருக்கும் அலாரம் காய்ச்சல் மட்டுமே. பாராசிட்டமால் அதையும் அணைத்துவிடும். தொற்று உள்ளே தொடரும்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

பிளட் கல்ச்சர் எடுத்து, நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். வந்த 60 நிமிடத்துக்குள் முதல் டோஸ் போக வேண்டும் என்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள். கல்ச்சர் முடிவு வர ஓரிரு நாளாவது ஆகும். அதுவரை காத்திருக்க முடியாது. வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கை நீங்களே கொடுத்தால், கல்ச்சரில் கிருமி சிக்காமல் போகலாம்.

இந்தியாவில் கூடுதல் சிக்கல் என்ன?

மருந்துக்கு அடங்காத கிருமிகள். ஐசிஎம்ஆர் கண்காணிக்கும் மருத்துவமனைகளில், 2016-ல் 65% கிளெப்சியெல்லா மாதிரிகள் இமிபெனம் என்ற வலிமையான மருந்துக்குக் கட்டுப்பட்டன. 2021-ல் அது 43%. இது எல்லா நோயாளிகளுக்குமான கணக்கு. ஆனாலும் முதல் மருந்து கேட்காமல் போகும் வாய்ப்பு நிஜமானது. தாமதமாகப் போனால், மருந்தை மாற்றிப் பார்க்கக்கூட நேரம் இருக்காது.

அப்போ என்ன செய்யணும்?

• ஒரு தடவை 101 காட்டினாலோ, 100.4 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலோ உடனே கிளம்புங்கள்.
• குளிர் நடுக்கம், மயக்கம், மூச்சுத்திணறல் இருந்தால் காய்ச்சல் இல்லாவிட்டாலும் போங்கள்.
• மருத்துவமனையின் 24 மணி நேர எண்ணை இன்றே போனில் சேமியுங்கள்.
• எமர்ஜென்சியில் முதல் வாக்கியமே இதுவாக இருக்கட்டும்: "கீமோவில் இருக்காங்க, கடைசி டோஸ் இந்தத் தேதி."