டிக்‌ஷனரிக்குள் குடியிருக்கும் லிஸ்ட்

ஒரு லட்சம் பெயர்களை ஒரு பைத்தான் லிஸ்ட்டில் போட்டு வைத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ‘மல்லிகா’ அதில் எங்கே என்று கேட்டால், பைத்தான் முதல் பெயரிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டே போகும். சராசரியாக ஐம்பதாயிரம் ஒப்பீடுகள் ஆகும். அதே பெயர்களை டிக்‌ஷனரியின் கீகளாக வைத்தால் ஒன்றிரண்டு ஒப்பீடுகளில் விடை வந்துவிடும். பெயர்கள் ஒரு கோடியானாலும் ஏறத்தாழ அதே ஒன்றிரண்டுதான். பைத்தான் கற்கத் தொடங்கும் பலர் இதை ஒரு விதியாக மனப்பாடம் செய்துகொண்டு தாண்டிவிடுகிறார்கள். சற்றே நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

டிக்‌ஷனரி பெயரைத் தேடி அலைவதில்லை. பெயரை வைத்தே அது இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுவிடுகிறது. கீயை ஹாஷ் என்ற சார்பில் இட்டால் ஓர் எண் கிடைக்கும். அட்டவணையில் எந்த அறைக்குப் போக வேண்டும் என்பதை அந்த எண் காட்டும். 1953 ஜனவரியில் ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் நிறுவனத்தின் உள்பயன்பாட்டுக்காக எழுதிய ஒரு குறிப்பிலேயே இந்த எண்ணம் இருக்கிறது.

சிறிய எண்களை வைத்துப் பார்த்தால் இது எளிதில் பிடிபடும். சிறிய டிக்‌ஷனரி ஒன்றில் எட்டு அறைகள், 0 முதல் 7 வரை. சிறிய முழு எண்ணுக்கு ஹாஷ் மதிப்பும் அதே எண்தான். 42ஐ 8ஆல் வகுத்தால் மீதி 2; எனவே 42 போய் உட்காருவது 2ஆம் எண் அறையில். அடுத்து 50 வருகிறது. அதற்கும் மீதி 2! அப்போது பைத்தான் அறை எண்ணை ஐந்தால் பெருக்கி, ஒன்றைக் கூட்டி, ஹாஷின் மேல் பிட்களையும் கொஞ்சம் கலந்து, மறுபடி மீதி காண்கிறது. விடை 4. பின்னொரு நாள் 50ஐக் கேட்டாலும் இதே கணக்கு இதே வழியில் 4ஆம் அறைக்கு அழைத்துப் போகும். மோதல்கள் பெருகாமலிருக்க அறைகளில் மூன்றில் ஒரு பங்காவது எப்போதும் காலியாக விடப்படுகிறது.

லிஸ்ட்டைக் கீயாக வைக்க முயன்றால் பைத்தான் மறுப்பதற்கும் காரணம் இந்தக் கணக்குதான். லிஸ்ட்டின் உள்ளடக்கம் மாறக்கூடியது. அது மாறினால் ஹாஷும் மாறும். முன்பு வைத்த அறைக்குப் போகும் வழி அறுந்துவிடும். மாறாத டியூபிளுக்குத் தடை இல்லை, அதற்குள் மாறக்கூடிய பொருள் எதுவும் இல்லாதவரை.

மோதலை ஆயுதமாக்கவும் முடியும். 2011 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் என்ற ஹேக்கர் மாநாட்டில் அலெக்சாண்டர் கிளிங்க், ஜூலியன் வெல்டே இருவரும் அதைக் காட்டினார்கள். ஒரே ஹாஷ் வரும்படி தேர்ந்தெடுத்த கீகளை ஒரு வலைத்தளத்துக்கு மொத்தமாக அனுப்பினால், புதிதாக வரும் ஒவ்வொரு கீயும் ஏற்கெனவே இருக்கும் அத்தனை கீகளோடும் மோதும், சர்வர் திணறிப்போகும். மறு ஆண்டு வெளிவந்த பைத்தான் 3.3இல், நிரல் ஓடத் தொடங்கும்போதெல்லாம் எழுத்துச் சரங்களின் ஹாஷில் புதிதாக ஒரு தற்செயல் எண் கலக்கப்பட்டது. அதனால் ஒரே நிரலை இரண்டு முறை ஓட்டினால் டிக்‌ஷனரியின் பெயர்கள் இரண்டு விதமான வரிசையில் வரத் தொடங்கின.

அந்த வரிசைக் குழப்பம் தீர்ந்த கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 64 பிட் கணினியில் பழைய அட்டவணையின் ஒவ்வோர் அறையும் 24 பைட்: ஹாஷ், கீ, மதிப்பு ஒவ்வொன்றுக்கும் எட்டு. எட்டு அறைக்கு 192 பைட். காலி அறையும் அதே இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. 2012 டிசம்பரில் பைத்தான் நிரலாளர் ரேமண்ட் ஹெட்டிங்கர் ஒரு மாற்றத்தை முன்மொழிந்தார். விவரங்களை வந்த வரிசையிலேயே ஒரு லிஸ்ட் போல அடுக்குவோம். எட்டு அறைகளில் அந்த அடுக்கின் வரிசை எண்ணை மட்டும் எழுதுவோம் என்றார். எண்ணுக்கு ஒரு பைட் போதும். எட்டு அறைக்கு 8 பைட், நிரப்ப அனுமதியுள்ள ஐந்து விவரங்களுக்கு 120, ஆக மொத்தம் 128. இனாடா நவோகி இதை நடைமுறைப்படுத்த, 2016 டிசம்பரில் பைத்தான் 3.6இல் இடம்பெற்றது.

நினைவகத்தை மிச்சம் பிடிக்கச் செய்த வேலை இது. ஆனால் உள்ளே அடுக்கு வந்துவிட்டதால், டிக்‌ஷனரியைச் சுற்றி வரும்போது சேர்த்த வரிசையிலேயே விவரங்கள் வெளிவந்தன. 2018இல் வந்த 3.7 அதை மொழியின் உறுதிமொழியாகவே ஏற்றுக்கொண்டது.

ஆனாலும் இரண்டு டிக்‌ஷனரிகள் சமமா என்று கேட்டால் பைத்தான் வரிசையைப் பார்ப்பதில்லை. கீகளும் மதிப்புகளும் ஒத்திருந்தால் போதும். வரிசையும் ஒத்திருக்க வேண்டும் என்றால் லிஸ்ட்டை எடுத்துக்கொள்ளலாம். கீ வழியாக விரைந்து எடுக்கும் வசதியும் கூடவே வேண்டுமானால் ‘ஆர்டர்ட்டிக்ட்’ என்ற பழைய வகை இன்றும் இருக்கிறது. அப்படிப்பட்ட இரண்டை ஒப்பிடும்போது பைத்தான் வரிசையையும் சரிபார்க்கும்.