கடலுள் ஆறு நாள், கரையில் ஒரு நாள்

காவிரிப் படித்துறையில் முங்கு நீச்சல் பழகிய தஞ்சை மாணவர்களுக்கு மூச்சடக்குவது புதிதன்று. இந்நாளில் இளைஞர் பலர் இலட்சத்தீவின் கடமத் போன்ற சிறு தீவுகளில் ஒரு வாரம் தங்கி, காற்றுக்கலம் சுமந்து மூழ்கிப் பவளப் பாறைகளைக் கண்டு வருகின்றனர். அவ்வாறு புறப்பட்ட என் பழைய மாணவரிடம் நான் சொன்னது இதுதான்: ஆற்றில் கற்ற மூச்சடக்கும் பழக்கத்தை அங்கே மறந்துவிட வேண்டும்.

காரணம் யாது? கடலில் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையிலிருப்பதைப்போல் இருமடங்காகும். 1943-இல் பிரான்சு நாட்டின் கூஸ்டோவும் காஞ்ஞானும் அமைத்த கருவி, அந்தந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே காற்றைத் தருகிறது. அக்காற்றை நுரையீரலில் அடக்கிக்கொண்டு மேலேறினால், அது இருமடங்காக விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். ஆகவே மூச்சு இடையறாது நடைபெற வேண்டும்.

மற்றொன்று நைட்ரஜன். ஆழத்தில் அது குருதியில் மிகுதியாகக் கரைகிறது. விரைந்து மேலேறினால், சோடாப் புட்டியைத் திறந்ததுபோல் உடலுக்குள் குமிழிகள் எழும். மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை நேரலாம். அதனால் மெல்ல ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் தங்குவர். பல நாள் மூழ்கியவர் உடலில் எஞ்சிய நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். விமானத்துள் அழுத்தம் குறைவு; எனவே கடைசி முழுக்குக்குப் பின் 18 மணி நேரமாவது கழித்தே அகத்தியில் விமானம் ஏறலாம்.

ஏழாம் நாளைக் கரையில் கழிப்பது வீண் என்பர் சிலர். நீங்கள் தேர்வுக்காகப் படிக்கும் பாயில் விதி, அங்கே உயிர்க்காவல் விதி என்பதை மறவாதீர்கள்.