பலகையிலிருந்து பாலம் வரை

ஜெயபுரத்திலிருந்து வடக்கே பூநகரியைத் தாண்டி யாழ்ப்பாணத்துக்குப் பிரயாணம் செய்வோர், முற்காலத்தில் பாதைப் படகுக்காகக் காத்திருந்து கடந்த கடல்நீரேரியை, 2011 ஜனவரியில் திறக்கப்பட்ட 288 மீற்றர் நீளமான சங்குப்பிட்டிப் பாலத்தின் மீது இன்று சில கணங்களில் கடந்துவிடுகின்றனர். பாரவண்டி ஏறுகையில் இத்தகைய பாலமொன்று எவ்வளவு தொய்யும், எவ்விடத்தில் தகைப்பு மிகும் என்பவற்றை நிர்மாணத்துக்கு முன்னரே கணித்தறிய உதவும் சாதனங்களுள் தலையாயது முடிவுறு கூற்று முறை.

முழு உருவத்தையும் ஒரே சமன்பாட்டில் அடக்குதல் பெரும்பாலும் அசாத்தியமாதலால், அதனை முக்கோணம், நாற்கோணம் முதலிய சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் இயல்பையும் எளிய சமன்பாட்டால் எழுதி, அவை சந்திக்கும் கணுக்களில் யாவற்றையும் பிணைத்து, திரண்டு வரும் ஆயிரக்கணக்கான சமன்பாடுகளைக் கணினியால் ஒருங்கே தீர்ப்பதே இதன் தத்துவம். 1960இல் அமெரிக்கப் பேராசிரியர் ரே கிளஃப் இதற்குப் பெயர் சூட்டினார்.

இப்பணிக்கு மென்பொருள்கள் பல உள. நாசா உருவாக்கிய நாஸ்ட்ரான் விண்கலங்களுக்கென எழுந்தது. சாப்2000 கட்டடங்களுக்கும் பாலங்களுக்கும் வாகானது. அன்சிஸ், அபாக்கஸ் ஆகியவை இறப்பர் போல் பெரிதும் உருமாறும் பொருள்களையும் ஆராய வல்லவை. திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி நிலையம் ஃபீஸ்ட் என்பதை ஆக்கியது. கல்குலிக்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது.

இவற்றுள் சிறந்தது எது என்று வினவுவோர், விளம்பரங்களை விடுத்து, விடை தெரிந்த கணக்கொன்றைக் கொடுத்துப் பரீட்சித்தல் வேண்டும். வாய்க்காலின் குறுக்கே இட்ட பலகையின் நடுவே ஒருவர் நின்றால் அது தொய்யும். கனமும் அகலமும் மாறாமல் நீளம் மட்டும் இருமடங்கானால், அதே பாரத்துக்குத் தொய்வு எட்டு மடங்காகும். இது கையாலேயே கணிக்கத்தக்கது. அப்பலகையை மூன்று கணுக்கள் மட்டுமுள்ள பெரிய முக்கோணங்களாகப் பிரித்துக் கொடுத்தால், விலையுயர்ந்த மென்பொருளும் தொய்வை உண்மையிலும் குறைவாகவே காட்டும். ஏனெனில் அவ்வகை முக்கோணம் நீளவும் சுருங்கவும் அறியுமன்றி வளைய அறியாது. பக்கங்களின் நடுவிலும் கணுக்களை வைத்தால், அல்லது கூறுகளை மேலும் நுண்ணியவாக்கினால், விடை மெய்யை நெருங்கும். ஆகவே பிழை பெரும்பாலும் மென்பொருளின் பெயரிலன்று, கூற்றின் தெரிவிலேயே உறைகிறது; பலகையை உள்ளதினும் உறுதியானதாகக் காட்டும் பிழையோ உயிருக்கே ஆபத்தானது.

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் அமைந்திருக்கும் இந்நாளில், இக்கலை வன்னி மாணவருக்கு எட்டாத ஒன்றன்று. இலவச மென்பொருளொன்றை எடுத்து, முதலில் அந்தப் பலகையைக் கணியுங்கள். கைக்கணக்கும் கணினிக்கணக்கும் ஒத்துவந்த பின்னரே பாலத்தைத் தொடுங்கள்.