தேய்த்தால்தான் இனம் தெரியும்

புணே நகரம் நிற்பது சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பரவி உறைந்த எரிமலைக் குழம்பின் மேல். அந்தக் கரும்பாறையில் கடல் சிப்பி தேடுவது வீண் வேலை. ஆனால் 1946-இல் அங்கே தொடங்கி, 1992 முதல் அகர்கர் ஆராய்ச்சி நிலையம் என்று வழங்கும் நிறுவனத்தில், குஜராத்தின் கட்ச் பகுதியிலிருந்து வந்த ஜுராசிக் காலக் கடலுயிர்ப் படிவங்களை ஆராய்கிறார்கள். அந்தக் கட்ச் பாறைகளில், 'ஏதோ மட்டி' என்று எறிந்துவிடத் தோன்றும் ஓர் உயிர் ஏராளமாகக் கிடக்கிறது: பிராக்கியோபாட்.

மட்டிக்கும் இதற்கும் நெருங்கிய உறவு கிடையாது. மட்டியின் ஓடுகள் உடலின் இடமும் வலமும் மூடுபவை. பிராக்கியோபாடின் ஓடுகளோ மேலும் கீழும். ஒன்று பெரிது, மற்றது சிறிது. ஆனால் எந்த ஓட்டை நடுக்கோட்டில் பிரித்தாலும் இரு பாதியும் ஒத்துப்போகும். பெரிய ஓட்டின் அலகில் ஒரு துளை. அதன் வழியே தண்டு நீட்டிப் பாறையைப் பற்றி வாழ்ந்தது.

புது இனம் என்று சந்தேகம் வந்தால் முதலில் நீளம், அகலம், தடிப்பு. பிறகு வரிகளின் எண்ணிக்கை, முன்விளிம்பு எப்படி வளைகிறது, ஓட்டில் நுண்துளைகள் உண்டா என்பது. இதோடு நிறுத்தினால் ஏமாந்துபோவோம். வெவ்வேறு குடும்பத்து பிராக்கியோபாட்கள் வெளித்தோற்றத்தில் அச்சு அசலாக ஒன்றுபோலிருப்பது சகஜம். அடையாளம் உள்ளே, உணவு வடிக்கும் மென்கரங்களைத் தாங்கிய சுண்ணாம்பு வளையத்தில் இருக்கிறது. அதுவும் கல்லுக்குள் கல்லாகப் புதைந்திருக்கும். எனவே சிப்பிக்கு முதலில் வார்ப்பு எடுத்துவைத்து, அலகிலிருந்து மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரு பங்கு எனத் தேய்த்து, தேய்த்த முகம் ஒவ்வொன்றையும் வரைந்துகொள்கிறார்கள். படங்களை அடுக்கினால் வளையம் புலப்படும், சிப்பி மிஞ்சாது. ஆகவே இனத்துக்கு ஆதாரமாக எண்ணிட்டுக் காக்கும் மூல மாதிரியில் யாரும் எளிதில் கைவைப்பதில்லை. பலியாவது கூடவே கிடைத்த இன்னொன்று. ஒரே ஒரு சிப்பிதான் கிடைத்தது என்றால் பெரிய தர்மசங்கடம்.

கட்ச் பிராக்கியோபாட்களை 1900-இல் விரிவாக விவரித்தவர் கிட்சின். அந்த நாளில் தேய்ப்பு முறை இவ்வளவு பரவியிருக்கவில்லை. பலவற்றை அவர் டெரெப்ராட்டுலா, ரிங்கோனெல்லா என்ற பெரிய பேரினங்களில் போட்டார். 1918-இல் பக்மன் அவற்றைப் பிரித்து கட்சிதைரிஸ், கட்சிரிங்கியா எனப் புதுப் பேரினங்கள் வைத்தார். கட்சிரிங்கியா இங்கிலாந்துப் பாறைகளிலும் அடையாளம் காணப்பட்டது. இன்று கட்சிதைரிஸ் அக்யூட்டிப்ளிகேட்டா என்று எழுதும்போது பின்னால் கிட்சின் பெயரை அடைப்புக்குறிக்குள் போடுவது விதி: இனத்தை முதலில் பெயரிட்டு விவரித்தவர் அவர், பேரினம் பிறகு மாறியது என்று அதற்குப் பொருள்.